பழைய பெட்டி ரிவியில் சின்னக் கொம்பியூட்டரைக் கொழுவுவது எப்படி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எந்த ஊருக்குள் போனாலும் வீட்டு ஹோலில் பின்பக்கம் பெருத்த பெட்டி ரிவி ஒன்று இன்னும் இருக்கத்தான் செய்கிறது. மீள்குடியேறி, வீடு கட்டி, கரண்ட் எடுத்த கையோடு கட்டுக்காசுக்கு வாங்கிய முதல் பெரிய சாமான் பல வீடுகளில் அதுதான். அதனால்தான் பழுதாகாத வரைக்கும் அதைத் தூக்கி எறிய ஒருவருக்கும் மனம் வருவதில்லை. இன்னொரு பக்கம், கந்தோர்களில் கழித்துவிட்ட, ஒரு அப்பியாசப் புத்தகத்தின் அளவே இருக்கிற சின்னக் கொம்பியூட்டர்கள் வவுனியா, யாழ்ப்பாணக் கடைகளில் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்தால் படம், பாட்டு, பிள்ளைகளின் பாட வீடியோ, வெளிநாட்டிலிருந்து வருகிற கலியாண வீடியோ எல்லாவற்றையும் வீட்டார் ஒன்றாக இருந்து பார்க்கலாம். புது ரிவி வாங்கத் தேவையில்லை.

ஆனால் இதைச் செய்யப் போய் இடையில் கைவிட்ட ஆக்கள் நிறையப் பேர். வயரைக் கொழுவுவார்கள், படம் கறுப்பு வெள்ளையில் ஓடும், இல்லாவிட்டால் ஆக்கள் எல்லோரும் ஒல்லியாக நெடுத்துத் தெரிவார்கள், எழுத்து ஒன்றும் வாசிக்க முடியாது, சத்தம் வராது. உடனே "இந்த ரிவிக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு பிழை. வயர் வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், மிச்சம் முழுக்கச் செற்றிங்தான், அதைப் பொறுமையாகச் செய்தால் பழைய ரிவி நன்றாகவே வேலை செய்யும்.

முதலில் ரிவியின் பின்பக்கம்

ஒரு சதமும் செலவழிக்க முதல் ரிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, போன் லைட்டை அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டைகள் இருக்கிறதா? மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலப்பக்கச் சத்தத்துக்கு. அதைத்தான் ஏவி என்கிறோம். சில ரிவிகளில் இது முன்பக்கத்தில், பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். டிவிடி பிளேயர் கொழுவிப் பார்த்த ரிவி என்றால் கட்டாயம் இருக்கும். மஞ்சளும் வெள்ளையும் மட்டும், சிவப்பு இல்லை என்றால் அது ஒற்றைச் சத்த ரிவி. அதுவும் காரியமில்லை, சத்தம் பற்றிச் சொல்லும்போது அதற்கு வழி சொல்கிறேன்.

ஏவி 'இன்', ஏவி 'அவுட்' என்று இரண்டு வரிசை இருக்கலாம். நமக்கு வேண்டியது 'இன்'. 'அவுட்'டில் கொழுவினால் ஒன்றும் கெட்டுப்போகாது, படம் மட்டும் வராது.

கொஞ்சம் பிந்தி வந்த பெட்டி ரிவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு கூட்டம் ஓட்டைகளும் இருக்கும். அது கொம்போனென்ற். அதில் மூன்றுமே படத்துக்குரியவை, அங்கே இருக்கிற சிவப்புக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் வயரை அந்தப் பச்சை ஓட்டையில் செருகினால் படம் வரும், ஆனால் கறுப்பு வெள்ளையில் வரும். ரிவியின் கலர் போய்விட்டது என்று திருத்துகிறவரிடம் தூக்கிக்கொண்டு போக முதல் இதை ஒருக்கால் பாருங்கள்.

ஏவி ஓட்டையே இல்லை, அன்ரனா வயர் கொழுவுகிற ஒன்று மட்டும்தான் என்றால் இரண்டு வழி. ஒன்று, ஆர்எஃப் மொடுலேற்றர் என்கிற சின்னப் பெட்டி. ஏவியை வாங்கி ஒரு சனல் போல மாற்றி அன்ரனா வயர் வழியாக ரிவிக்குக் கொடுக்கும். மற்றது, வீட்டில் எங்காவது மூலையில் பழைய டெக் (வீடியோ கசெற் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி) கிடக்கிறதா என்று தேடுவது. ஜெனரேற்றர் பிடித்து டெக் போட்டு ஊரே கூடிப் படம் பார்த்த காலம் வன்னியில் இருந்ததால் சில வீடுகளில் அது இன்னும் இருக்கும். கசெற் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கரண்ட் ஏறினால் போதும்: டெக்கின் ஏவி 'இன்'னில் நமது மஞ்சள், வெள்ளையைக் கொழுவி, டெக்கின் அன்ரனா 'அவுட்'டிலிருந்து ரிவிக்கு வயர் இழுத்து, டெக்கை ஏவிக்கு மாற்றி, ரிவியில் சனல் தேடினால் யுஎச்எஃப் 36 சுற்றுவட்டாரத்தில் படம் அகப்படும். அது ஏவி அளவுக்குத் தெளிவாக இராது, சத்தமும் பெரும்பாலும் ஒற்றைதான்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏவி இல்லாத ரிவியின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே நேராக வயர் பற்றவைத்து ஏவி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மிகப் பழைய ரிவிகள் சிலவற்றில் உள்ளே இருக்கிற உலோகச் சட்டமே நேரடியாக 230 வோல்ட் மெயின் கரண்டோடு தொடுத்திருக்கும். அதில் ஏவி எடுத்தால் கொம்பியூட்டரின் உடம்பிலும், அதைத் தொடுகிற உங்கள் உடம்பிலும் கரண்ட் பாயும். அதோடு படக்குழாய்க்குப் போகிற மின்னழுத்தம் கலர் ரிவிகளில் 20,000 வோல்ட்டுக்கும் மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். பின்மூடியில் நமக்கு ஒரு வேலையும் இல்லை.

கடையில் என்ன கேட்பது

கொம்பியூட்டரிலிருந்து வெளிவருவது எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே வயரில் போகிற புது முறை), ரிவி வாங்குவது ஏவி. நடுவில் ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி அது. ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மஞ்சள் வெள்ளை சிவப்பு, விலாவில் கரண்டுக்கு ஒரு சின்ன யூஎஸ்பி ஓட்டை, இன்னொரு விலாவில் நகத்தால் தள்ளுகிற ஒரு குட்டிச் சுவிட்ச்.

அதிகம் பேர் காசை விடுகிற இடம் இதுதான். இதே நிறத்தில், இதே அளவில், தலைகீழாக வேலை செய்கிற பெட்டியும் விற்கிறார்கள், அதாவது ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது. பழைய டிவிடி பிளேயரைப் புது ரிவியில் கொழுவுகிறவர்களுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம். இவை ஒருவழிப் பெட்டிகள், திருப்பிக் கொழுவினால் வேலை செய்யாது. கடையில் "ஏவி கொன்வெர்ட்டர் ஒன்று தாங்கோ" என்று மட்டும் கேட்டால் கையில் அகப்பட்டதை எடுத்துத் தருவார்கள். இப்படிக் கேளுங்கள்: "அண்ணை, கொம்பியூட்டரில எச்டிஎம்ஐ, ரிவியில ஏவி. எச்டிஎம்ஐயில இருந்து ஏவிக்கு மாத்துறது வேணும்." வாங்கியதும் மூடியில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டையின் மேல் 'இன்புட்' என்றும், மூன்று வட்டங்களின் பக்கம் 'அவுட்புட்' என்றும் இருந்தால் அதுதான் நமது பெட்டி.

எச்டிஎம்ஐ வயர் என்று விற்கிற, ஒரு தலையில் எச்டிஎம்ஐயும் மறுதலையில் மூன்று வட்ட ஊசிகளும் உள்ள வெறும் வயரை வாங்காதீர்கள். எச்டிஎம்ஐயில் போவது டிஜிற்றல், ஏவியில் போவது அனலொக். நடுவில் மாற்றுகிற சில்லு ஒன்று இல்லாமல் ஒரு கொம்பியூட்டரும் அந்த வயரால் படம் தராது.

கொம்பியூட்டரின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கந்தோர்களிலிருந்து வருகிறவற்றில் பல எச்டிஎம்ஐக்குப் பதிலாக டிஸ்பிளேபோர்ட்டோடு வரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஆனால் எச்டிஎம்ஐயின் கீழ் மூலை இரண்டும் சாய்ந்திருக்கும், டிஸ்பிளேபோர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். டிஸ்பிளேபோர்ட் என்றால் அதை எச்டிஎம்ஐ ஆக்கும் அடப்டர் ஒன்று கூட வாங்க வேண்டும். மூன்று தலை ஏவி வயர் வாங்கத் தேவையில்லை, பழைய டிவிடி பிளேயரோடு வந்தது வீட்டில் கிடக்கும்.

ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கை அளவுக் கொம்பியூட்டர் வைத்திருக்கிற பெடியளுக்கு ஒரு குறிப்பு. 2014-ல் வந்த பி பிளஸ் தொடங்கி 2019-ல் வந்த பை 4 வரைக்கும் ஹெட்போன் ஓட்டை போலத் தெரிகிற அந்த 3.5 மி.மீ. ஓட்டையிலேயே ஏவி படமும் வரும், மாற்றுப்பெட்டி தேவையில்லை. ஆனால் வயரின் ஊசி நான்கு பகுதியாகப் பிரிந்ததாக இருக்க வேண்டும், அதிலும் வரிசை பொருந்த வேண்டும்: நுனி இடப்பக்கச் சத்தம், அடுத்தது வலப்பக்கச் சத்தம், மூன்றாவது ஏர்த், அடியில் படம். வீடியோ கமராவோடு வந்த வயர்களில் இந்த வரிசை மாறியிருக்கும். மஞ்சளில் படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் சிவப்புத் தலையை மஞ்சள் ஓட்டையில் செருகிப் பாருங்கள், சில வயர்களில் படம் அதில்தான் வரும். பை 4-ல் ஏவி முதலில் மூடித்தான் இருக்கும், செற்றிங்கில் போய்த் திறக்க வேண்டும். 2023-ல் வந்த பை 5-ல் அந்த ஓட்டையே இல்லை.

கொழுவுகிற ஒழுங்கு

ரிவியில் கொழுவ முதல், கொம்பியூட்டரை வேறு ஒரு மொனிற்றரிலோ அயல்வீட்டுத் தட்டை ரிவியிலோ போட்டு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிடுங்கள். விண்டோஸின் சின்ன எழுத்துகளைப் பெட்டி ரிவியில் வாசித்து வேலை செய்வது கண்ணுக்குப் பெரிய கரைச்சல். படம், பாட்டுப் போடுவதற்கான 'கோடி' என்கிற இலவச மென்பொருளை இறக்கிப் பதியுங்கள் (முன்பு எக்ஸ்பிஎம்சி என்று இருந்ததுதான், 2014-ல் பெயர் மாற்றினார்கள்). தூர இருந்து ரிவியில் பார்ப்பதற்கென்றே செய்தபடியால் எழுத்தும் படமும் பெரிதாக இருக்கும். கொம்பியூட்டர் ஏறியதும் அது தானாகத் திறக்கும்படி வையுங்கள். திரையின் அளவை 1280×720-க்குக் குறைத்து, எழுத்தின் அளவை 150 வீதத்துக்குக் கூட்டிவிடுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கொழுவுங்கள். கொம்பியூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ வயர் மாற்றுப்பெட்டிக்கு, மாற்றுப்பெட்டியிலிருந்து மூன்று தலை வயர் ரிவிக்கு, மாற்றுப்பெட்டிக்கான கரண்ட் கொம்பியூட்டரின் யூஎஸ்பியிலிருந்து. கரண்ட் வயர் இல்லாமலும் சில பெட்டிகளில் படம் மங்கலாக வந்து போகும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள், கட்டாயம் கொழுவுங்கள். மலிவான போன் சார்ஜரில் போட்டால் படத்தில் கோடுகள் ஓடலாம், கொம்பியூட்டரின் யூஎஸ்பிதான் நல்லது.

ரிவியின் ஓட்டைகளை நன்றாகப் பாருங்கள். வருடக்கணக்கில் செம்மண் தூசியும் மாரி ஈரமும் பட்டு, உள்ளே இருக்கிற உலோக வளையம் பச்சை பூத்துக் கறுத்திருக்கும். ஊசியைச் செருகி இடமும் வலமுமாக நாலு தரம் திருகி எடுத்து, துணியால் துடைத்து, திரும்பவும் செருகித் திருகுங்கள். அந்தக் கறுப்பு துணியில் பிரண்டு வரும். படம் விட்டு விட்டு வருவது, ஒரு பக்கச் சத்தம் கரகரப்பது எல்லாம் பாதிக்குமேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது ரிவியைப் போட்டு, ரிமோட்டில் ஏவிக்கு மாற்றுங்கள். ரிமோட் தொலைந்திருந்தால் பல ரிவிகளில் சனல் பூச்சியத்துக்குக் கீழே ஒரு படி போனால் ஏவி வரும். அதற்குப் பிறகு கொம்பியூட்டரைப் போடுங்கள், முதல் ரிவி, பிறகு கொம்பியூட்டர். கொம்பியூட்டரின் யூஎஸ்பியிலிருந்து மாற்றுப்பெட்டிக்குக் கரண்ட் போனால்தான் கொம்பியூட்டர் ஒரு திரை இருக்கிறது என்று கண்டுகொள்ளும்.

கலர், நீளம், ஓரம்

படம் கறுப்பு வெள்ளையில் வந்தால், அல்லது மேலே மேலே உருண்டுகொண்டே போனால் அந்தக் குட்டிச் சுவிட்ச்சைப் பாருங்கள். ஒரு பக்கம் 'பால்', மறுபக்கம் 'என்டிஎஸ்சி'. இலங்கையில் ரூபவாகினி 1982-ல் தொடங்கிய காலத்திலிருந்தே ஒளிபரப்பு 'பால்' முறையில்தான்: 625 கோடுகள், நொடிக்கு 50 தடவை. என்டிஎஸ்சி அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து முறை, 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 60. இங்கே விற்ற ரிவி 'பால்' எடுக்கும், என்டிஎஸ்சி எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைப்பெட்டியில் வருகிறபோது சுவிட்ச் என்டிஎஸ்சி பக்கம் கிடக்கலாம், ராஸ்பெரி பையும் தொடக்கத்தில் என்டிஎஸ்சிதான் தரும். 'பால்' பக்கம் தள்ளுங்கள், கலர் வந்துவிடும்.

கொம்பியூட்டரின் செற்றிங்கில் திரை நொடிக்கு எத்தனை தடவை மாறுவது என்பதையும் 60-லிருந்து 50-க்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மாற்றுப்பெட்டி நொடிக்குப் பத்துப் படத்தைத் தள்ளிவிட்டுத்தான் ரிவிக்குக் கொடுக்கும், கிரிக்கெட் பந்து உருளும்போதும் கீழே செய்தி வரி ஓடும்போதும் ஒரு சின்னத் துள்ளல் தெரியும்.

அடுத்தது, ஆக்கள் நெடுத்து ஒல்லியாகத் தெரிவது. கொம்பியூட்டர் தருவது 16-க்கு 9 என்ற அகலப் படம், பெட்டி ரிவியின் திரை 4-க்கு 3. மாற்றுப்பெட்டி ஒன்றும் யோசிக்காமல் அகலத்தை நெரித்துத் திரை முழுக்க நிரப்பிவிடும். அம்மம்மாவுக்குப் பேத்தியின் கலியாண வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, "என்னடா பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனாள்" என்று அவர் கவலைப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். வயதான ஆக்களுக்கு இது விளையாட்டில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையின் முகத்தை அவர்கள் பார்ப்பது அந்தத் திரையில் மட்டும்தான். ஆகவே இந்தச் செற்றிங்கைத் தவறவிடாதீர்கள்.

'கோடி'யில் செற்றிங், சிஸ்ரம், டிஸ்பிளே என்று போனால் 'வீடியோ கலிபிரேஷன்' என்று ஒரு வரி இருக்கும். காணவில்லை என்றால் கீழே இடது மூலையில் இருக்கிற செற்றிங் நிலையை 'எக்ஸ்பேர்ட்' ஆக்குங்கள், வரும். அதைத் திறந்தால் நாலு வேலை ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் இரண்டும் மேல் இடது மூலை, கீழ் வலது மூலை. பெட்டி ரிவிகள் எல்லாமே படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடும், அதனால்தான் மெனுவின் முதல் எழுத்தும் கடைசி வரியும் வெட்டுப்படுகின்றன. அம்புக்குறியை அழுத்தி அந்த மூலைக் குறிகள் இரண்டும் முழுதாகத் திரைக்குள் வரும்வரை உள்ளே தள்ளுங்கள். மூன்றாவது, சப்டைட்டில் நிற்கிற உயரம். அதைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். நாலாவதுதான் முக்கியம்: திரை நடுவில் ஒரு பெட்டி தெரியும், அது சரியான சதுரமாக வரும்வரை இடம் வலமாக அழுத்துங்கள். கண்ணால் மட்டிட வேண்டாம், அடிமட்டம் ஒன்றைத் திரையில் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். சதுரம் சரிவந்தால் முகமும் சரிவரும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அது விழத்தான் வேண்டும்.

எழுத்து நடுங்குவது போலத் தெரிந்தால் அதற்குக் காரணம் ரிவி ஒரு தடவைக்கு ஒற்றை விட்டு ஒற்றைக் கோடாகப் படம் வரைவது. மெல்லிய கிடைக்கோடுகள் உள்ள இடத்தில் நடுக்கம் தெரியும், படம் ஓடும்போது தெரியாது. ரிவியின் 'ஷார்ப்னெஸ்'ஸையும் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்தால் நன்றாக அடங்கும்.

சத்தம்

படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும். விண்டோஸில் சத்தம் வெளியேறுகிற வழி எச்டிஎம்ஐக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அது கொம்பியூட்டரின் உள் ஸ்பீக்கரிலேயே நிற்கும். அடுத்தது 'கோடி'யின் ஓடியோ செற்றிங்கில் சனல் எண்ணிக்கையை 2.0 (இடம், வலம் இரண்டு மட்டும்) ஆக்குங்கள். மூன்றாவது 'பாஸ்துரூ' என்பதை மூடிவிடுங்கள். அது திறந்திருந்தால் பல ஸ்பீக்கருக்கென்று சுருக்கி வைத்த டொல்பி சத்தம் பிரிக்கப்படாமல் அப்படியே மாற்றுப்பெட்டிக்குப் போகும், அந்தச் சின்னப் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. பாட்டுக்குச் சத்தம் வந்து, சில படங்களுக்கு மட்டும் சத்தம் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒற்றைச் சத்த ரிவிக்கு வெள்ளையை மட்டும் கொழுவுங்கள், சிவப்பு சும்மா தொங்கட்டும். ஆனால் அப்படி விட்டால் வலப்பக்கத்தில் வருகிற சத்தம் போய்விடும், சில பழைய பாட்டுகளில் குரலே ஒரு பக்கத்தில்தான் இருக்கும். விண்டோஸ் 11-ல் சத்தச் செற்றிங்கிலும், 10-ல் 'ஈஸ் ஒஃப் அக்செஸ்' என்பதற்குள் 'ஓடியோ'விலும் 'மோனோ ஓடியோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றாக வரும்.

படத்தில் அகலமான மங்கல் பட்டை மெல்ல மேலே ஏறுவதும், சத்தத்தில் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் நிற்பதும் ஏர்த் பிரச்சினை. டிஷ் வயர் ரிவியில் கொழுவியிருந்தால் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அதுதான். ரிவி, கொம்பியூட்டர் இரண்டையும் ஒரே மல்ரிப்பிளக்கில் போட்டாலும் குறையும். பிளக்கின் ஏர்த் ஊசியை வெட்டிவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டேட்டாவை வீணாக்க வேண்டாம்

பழைய ரிவியால் வருகிற உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது, இதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. 'பால்' ரிவியில் படத்துக்கு உதவுகிற கோடுகள் 576. அகலப் படம் போட்டு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தால் படத்துக்கு மிஞ்சுவது 432 கோடுகள். அப்படியிருக்க 1080 தரத்தில் படம் இறக்குவதில் ஒரு பலனும் இல்லை, 480 தரமே இந்தத் திரைக்குத் தாராளமாகப் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பெட்டி ரிவியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். டேட்டாவோ அரைவாசிக்கும் குறைவாகவே போகும். போன் ஹொட்ஸ்பொட்டில், பரந்தனுக்கு அங்கால் ஒரு கம்பிச் சிக்னலில் படம் பார்க்கிற ஆக்களுக்கு இது சின்ன விஷயமில்லை. யூடியூபில் தரத்தை 480-ல் பிடித்து வையுங்கள், தானாக மாற விடாதீர்கள்.

இன்னும் நல்ல வழி, இரவு டேட்டாவில் வேண்டியவற்றை இறக்கி ஹார்ட்டிஸ்க்கில் போட்டு வைத்துவிட்டு ஆறுதலாகப் பார்ப்பது. பிள்ளைகளின் பாட வீடியோக்களைப் பாடம், வகுப்பு என்று தனித்தனிக் கோப்புறையில் போட்டுவிட்டால் 'கோடி'யில் அவர்களே எடுத்துப் போடுவார்கள். காசு கட்டிப் பார்க்கிற சில செயலிகள் மட்டும் இந்த மாற்றுப்பெட்டியைக் கண்டால் படம் தர மறுக்கும். நகல் எடுப்பதைத் தடுக்கிற பூட்டு ஒன்று எச்டிஎம்ஐயில் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல மலிவான பெட்டிகளால் முடியாது.

கரண்டும் இடியும்

கொம்பியூட்டருக்கு பற்றரி இல்லை. கரண்ட் திடீரென்று நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம், பழைய சுழல்கிற ஹார்ட்டிஸ்க் என்றால் அதுவே பழுதாகலாம். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலாமல், சில்லுகளில் சேமிக்கிற டிஸ்க்) போட்டுக்கொள்வது நல்லது. கரண்ட் அடிக்கடி போகிற இடம் என்றால் சின்னக் கொம்பியூட்டரைத் தேடி வாங்காமல், திரை உடைந்ததால் ஒதுக்கி வைத்த பழைய லப்ரொப்பையே இந்த வேலைக்கு எடுங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் எல்லாம் மேலே சொன்னபடிதான், பற்றரி கொஞ்சம் உயிரோடு இருந்தாலே கரண்ட் போகும்போது தாங்கிப் பிடித்து ஒழுங்காக அணைக்க நேரம் தரும்.

சித்திரை மாதப் பின்னேரங்களிலும், ஐப்பசி கார்த்திகையில் மாரி இறங்குகிற நேரத்திலும் இங்கே இடி சும்மா விழாது. வெட்டவெளியில், வயற்கரையில் உள்ள வீடுகளில் உயர்ந்த இரும்புக் குழாயில் அன்ரனா நிற்கும். முன்பு இடி விழுந்தால் ரிவி மட்டும் போகும். இப்போது அன்ரனா வயரிலிருந்து ரிவிக்கு, ரிவியிலிருந்து ஏவி வயர் வழியாக மாற்றுப்பெட்டிக்கு, அங்கிருந்து கொம்பியூட்டருக்கு என்று ஒரு சங்கிலி இருக்கிறது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் அன்ரனா, டிஷ் வயரையும் கழற்றுங்கள். சுவிட்ச்சை மட்டும் அணைப்பது போதாது. இடி முழங்கத் தொடங்கிவிட்டதென்றால் அந்த வயர்களைத் தொடப் போகவும் வேண்டாம்.

கொம்பியூட்டரை ரிவியின் தலைக்கு மேல் வைக்காதீர்கள், ரிவியின் சூடு மேலேதான் போகும். பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, விசிறியின் துவாரத்தை மாதத்துக்கு ஒருக்கால் தூரிகையால் தட்டிவிடுங்கள். எறும்பும் பல்லியும் சூடான இடத்தைத் தேடித்தான் வரும்.

இருந்த இடத்திலிருந்து இயக்குவது

புது ரிவிகளில் ரிவி ரிமோட்டே கொம்பியூட்டரையும் இயக்கும், பெட்டி ரிவியில் அந்த வசதி இல்லை. அதனால் ரிவிக்கு ஒன்று, கொம்பியூட்டருக்கு ஒன்று என்று இரண்டு கருவி வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போனில் 'கோரே' என்கிற செயலியைப் போட்டால் போனே 'கோடி'க்கு ரிமோட் ஆகிவிடும், இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் சரி. இன்ரநெற் இல்லாவிட்டாலும் ஒரு பழைய ரவுட்டர் கரண்டில் இருந்தால் போதும்.

வயதானவர்கள் தனியே இருக்கிற வீட்டுக்குப் போனைக் கொடுக்க வேண்டாம். யூஎஸ்பியில் கொழுவுகிற, ஐந்தாறு பெரிய பொத்தான் உள்ள சின்ன ரிமோட்டுகள் கிடைக்கின்றன. அதை வாங்கி, தேவையில்லாத பொத்தான்களின் மேல் ரேப்பை ஒட்டிவிட்டு, அம்பு நாலு, நடுப்பொத்தான், திரும்பிப் போகிற பொத்தான் மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். ரிவி ரிமோட்டில் ஏவி பொத்தானுக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள், யாராவது சனல் மாற்றிவிட்டால் அதை அழுத்தினால் போதும் என்று காட்டிக்கொடுங்கள். 'கோடி'யின் முகப்பில் பாட்டு, படம், வீட்டு வீடியோ என்று மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். நீங்கள் செய்து காட்டுவதோடு நிறுத்தாமல், ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருங்கள், தாங்களாகத் தேடி ஒரு பாட்டைப் போடும் வரைக்கும்.